கோயில் கூரையில் நிற்கும் துரை

சென்ற இதழில் பேராக்கில் பத்து காஜா பக்கத்தில் இருக்கும் கெல்லி கோட்டையை, ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரை கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட மாளிகையை, பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் என் மேசையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. பினாங்கு, கிள்ளான், ஈப்போ மட்டுமல்ல, இங்கே செந்தூலில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கூட எழுதியிருக்கிறார். அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு அந்த வீட்டைப் பற்றியே பேசப் போகிறேன். அதே வட்டாரத்தில், கிந்தா பள்ளத்தாக்கில், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். அம்மா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். அந்த ஊர்ப் பேச்சு எடுத்தால் எனக்குச் சுருக்கமாக முடிக்க வராது.

கேள்வி (பட்டர்வொர்த் வாசகி): என் பாட்டி கிந்தா பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். ‘கெல்லி துரை பங்களா இடிஞ்சு காணாமப் போச்சு’ என்று அடிக்கடி சொல்வார். ஆனால் போன பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போனோம், கோட்டை நன்றாகத்தானே நிற்கிறது? பாட்டி எதையோ மாற்றிச் சொல்கிறாரா?

பதில்: பாட்டி மாற்றிச் சொல்லவில்லை. அவர் சொன்ன வீடு வேறு. நீங்கள் பார்த்த செங்கல் கோட்டைக்கு முன்னாலேயே அந்த இடத்தில் இன்னொரு வீடு இருந்தது. ‘கெல்லஸ் ஹவுஸ்’ என்று பெயர். துரை குடும்பம் வாழ்ந்தது அந்த வீட்டில்தான். இன்று அதில் மிஞ்சியிருப்பது கொஞ்சம் சுவரும் சில வளைவுகளும். அவற்றைக் கோட்டையின் இடிந்த பகுதி என்று நினைத்துத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். அடுத்த முறை போனால் அங்கே நின்று பாருங்கள். பாட்டியின் பங்களா அதுதான்.

துரையின் முழுப் பெயர் வில்லியம் கெல்லி ஸ்மித். 1870இல் ஸ்காட்லாந்தின் மொரே வட்டாரத்தில், கெல்லஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1890இல், 20 வயதில், மலாயாவுக்கு வந்தார். சார்ல்ஸ் ஆல்மா பேக்கர் என்ற நில அளவையாளர் அப்போது பேராக்கில் பெரிய ஆள். பத்து காஜா பகுதியில் 9,000 ஹெக்டர் காட்டை வெட்டித் திருத்தும் ஒப்பந்தம் அவர் கையில் இருந்தது. ஸ்மித் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அதில் கிடைத்த லாபத்தில் கிந்தா மாவட்டத்தில் 1,000 ஏக்கர் காடு வாங்கினார், ரப்பர் நட்டார், அப்புறம் ஈயத்திலும் இறங்கினார். தோட்டத்துக்குக் ‘கிந்தா கெல்லஸ்’ என்று பெயர் வைத்தார். பிறந்த ஊர்ப் பெயரைக் கொண்டுவந்து காட்டின் நடுவே நட்டுக்கொண்டார் அவர். நம் ஆட்கள் ஊர்ச்சாமியைக் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு இரண்டும் ஒரே ஏக்கமாகத்தான் தெரிகிறது.

ஊருக்குப் போய் ஆக்னஸ் என்ற பெண்ணை மணந்து 1903இல் அழைத்து வந்தார். மறு வருஷம் மகள் ஹெலன் பிறந்தாள். கெல்லஸ் ஹவுஸ் எழுந்தது 1909, 1910 வாக்கில். அந்த வருஷங்களைக் கவனியுங்கள். 1910இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு எடை ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு விலை தோட்டக்காரர்கள் பார்த்ததில்லை. கையில் மரம் வைத்திருந்தவர் எல்லாம் பங்களா கட்டிய காலம் அது.

1915இல் மகன் ஆந்தனி பிறந்தான். அதே வருஷம்தான் ஸ்மித் இரண்டாவது வீட்டைத் தொடங்கினார். இருந்த வீட்டோடு ஒட்டி ஒரு மாளிகை. ஆறு மாடி உயரத்துக்கு ஒரு கோபுரம், அதற்குள் மலாயாவின் முதல் லிஃப்ட், வீட்டுக்குள்ளேயே டென்னிஸ் ஆட ஓர் இடம், விருந்து வைக்க மொட்டை மாடி, திராட்சை மது சேர்த்து வைக்க நிலவறை என்று திட்டம். அந்த மாளிகைதான் இன்றைக்கு நாம் ‘கோட்டை’ என்கிறோம். அது முடியவேயில்லை, அதில் யாரும் குடியிருக்கவும் இல்லை. குடும்பம் வாழ்ந்த வீடு போய்விட்டது, வாழாத வீடு நிற்கிறது. பாட்டியிடம் சொல்லுங்கள், அவர் நினைவு சரியாகவே இருக்கிறது.

கேள்வி (செந்தூல் வாசகர்): கோட்டையைக் கட்டியது தமிழர்கள் என்கிறார்கள். அங்கே உள்ள பலகைகளில் எல்லாம் துரை கதைதான் இருக்கிறது. உண்மையில் நம்மவர்களா?

பதில்: ஆமாம். 70 கைவினைஞர்களை மதராஸிலிருந்து வரவழைத்தார் ஸ்மித். செங்கல், ஓடு, சலவைக்கல் எல்லாம் இந்தியாவிலிருந்தே கப்பலில் வந்தன. மதராஸ் என்றால் நகரம் மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்தில் மதராஸ் என்பது ஒரு மாகாணம், நம் தமிழ் நாட்டின் பெரும்பகுதி அதற்குள்தான் இருந்தது.

1974இல், ஆசிரியை வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனேன். அப்போது பாதி வீடு கொடியும் மரவேரும் மூடிக் கிடந்தது. பிள்ளைகள் மாடிக்கு ஓடிவிட்டார்கள். நான் கீழே ஒரு சன்னல் வளைவுக்கு முன்னால் நின்றுகொண்டேன். பூச்சு பூசாத சுவர் என்பதால் வேலை அப்படியே கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு செங்கலும் எப்படித் திரும்பியிருக்கிறது, வளைவின் உச்சியில் கடைசிக் கல்லை எப்படிச் செருகியிருக்கிறார்கள், சாந்து எங்கே கெட்டியாக, எங்கே மெல்லிசாக என்று எல்லாம் பார்க்கலாம். குதிரை லாடம் மாதிரி வளைவுகள், அதன் பக்கத்தில் கிரேக்க பாணித் தூண்கள். இப்படிப்பட்ட வீட்டை அந்தக் கொத்தனார்கள் தங்கள் ஊரில் கட்டியிருக்க மாட்டார்கள். துரை நீட்டிய வரைபடத்தைப் பார்த்து, தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் வைத்துக்கொண்டு, புரியாத ஒரு பாணியைக் கையால் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கட்டி நூறு வருஷம் தாண்டிவிட்டது, இன்னும் நிற்கிறது.

அந்த 70 பேரில் ஒருவர் பெயரும் அங்கே எழுதப்படவில்லை. துரை திட்டமிட்ட லிஃப்ட் கடைசிவரை வராத கதையை எத்தனை முறை கேட்டுவிட்டோம்! அந்த லிஃப்டுக்காகக் குறுகலான உயரக் கூண்டைச் செங்கல் செங்கலாக நேர் தப்பாமல் ஏற்றியவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. உங்கள் வீட்டில் யாராவது ‘எங்க தாத்தா கெல்லி பங்களாவுக்குக் கல் வேலைக்கு வந்தவர்’ என்று சொல்லியிருந்தால் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். பழைய படம் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி (கிள்ளான் வாசகி): அங்கே உள்ள மாரியம்மன் கோயில் கூரையில் சாமிச் சிலைகளோடு துரைக்கும் ஒரு சிலை இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகன் அதைப் பார்த்துவிட்டு, ‘இது அடிமைப் புத்தி இல்லையாம்மா?’ என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பதில்: உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி. அவனைக் கோபிக்க வேண்டாம். இதே கேள்வியை என் ஒன்பதாவது வயதில் நானும் கேட்டேன்.

திருவிழாவுக்குத் தோட்டத்து லாரியில் போயிருந்தோம். பால்குடம் எடுத்தவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றபோது கூரையைப் பார்த்தேன். சாமிகளுக்கு இடையில் துரைமார் உடுப்பில் ஒரு வெள்ளைக்காரர். ‘இவரு எந்தச் சாமிம்மா?’ என்றேன். அம்மா சொன்ன பதிலை அவர் பேச்சிலேயே தருகிறேன். ‘சாமி இல்லடி. கோயில் வேணும்னு நம்மாளுங்க போய்க் கேட்டாங்க, அவரு கட்டிக் குடுத்தாரு. கேட்டது நாம. அத மறந்துடாத.’

என்ன நடந்தது என்று பார்ப்போம். கோட்டை வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் 1918இல் உலகம் முழுக்கப் பரவிய விஷக் காய்ச்சல் மலாயாத் தோட்டங்களுக்கும் வந்தது. ஸ்பானிஷ் காய்ச்சல் என்பார்கள். மற்ற காய்ச்சல் குழந்தைகளையும் கிழவர்களையும் கொண்டுபோகும், இது நல்ல வயதில் இருந்தவர்களைக் கொண்டுபோனது. லயம் என்பது ஒரே கூரைக்கு அடியில் பத்துக் குடும்பம். ஒருவர் இருமினால் அடுத்த அறைக்குக் கேட்கும். காய்ச்சல் பரவ வேறென்ன வேண்டும்? என் பாட்டி அந்த வருஷத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ‘காலையில பெரட்டுக்கு வந்தவன் மறுநாள் இல்ல’ என்று மட்டும் சொல்வார். பெரட்டு என்றால் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் எடுப்பது. கெல்லஸ் தோட்டத்திலும் கோட்டை வேலையிலும் பலர் செத்தார்கள்.

நம் சனங்களுக்கு அம்மை, காய்ச்சல், கொள்ளை நோய் என்றால் யார் நினைவுக்கு வருவாள்? மாரியம்மன்தானே. அவளுக்கு ஓர் இடம் இல்லாத மண்ணில் இருப்பதால்தான் இப்படி நடக்கிறது என்று நினைத்தார்கள். துரையிடம் போய்க் கோயில் கட்டித் தரச் சொன்னார்கள். ஸ்மித் ஒப்புக்கொண்டார். கோட்டையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக் கோயில் எழுந்தது. அதற்கு நன்றியாகத்தான் அந்தச் சிலை.

இப்போது மகனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். முதலாவது, அந்தச் சிலை இருக்கும் இடம். கருவறையில் இருப்பது மாரியம்மன். துரை நிற்பது வெளியே, கூரை மேல். நம் ஊர்க் கோயில்களில் சுதையில் துப்பாக்கிச் சிப்பாயைப் பார்த்திருப்பான், குதிரைக்காரனைப் பார்த்திருப்பான், தலைப்பாகை கட்டிய கொடையாளியைக்கூடப் பார்த்திருப்பான். ஊருக்கு நல்லது செய்தவரையும் கண்ணில் பட்டவரையும் கோயிலில் நிறுத்துவது நம் சுதைக்காரர்களின் பழைய வழக்கம். அந்த வழக்கத்துக்குள் துரையையும் சேர்த்துக்கொண்டார்கள். துரைக்கு இடம் கொடுத்தது அவர்கள்.

இரண்டாவது, அம்மா சொன்னது. தோட்டத்தில் துரையிடம் நேராகப் போய்ப் பேசுவது சாதாரணக் காரியம் இல்லை. நடுவில் ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி, அவருக்கு மேல் கணக்கு எழுதும் கிராணி. சைக்கிளில் இருந்து இறங்காமல் துரை பங்களாவைக் கடந்து போனதற்கு ஏச்சு வாங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில், சாவு நடந்துகொண்டிருந்த நாளில், கூடிப் பேசி முடிவெடுத்துப் போய் நின்று கேட்டிருக்கிறார்கள். அதை அடிமைப் புத்தி என்று எனக்குச் சொல்ல வரவில்லை. துரை நல்லவரா கெட்டவரா என்பதைவிட அந்தப் போய் நின்ற நிமிஷம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கேள்வி (ஈப்போ வாசகர்): கோட்டையிலிருந்து கோயிலுக்குச் சுரங்கப் பாதை உண்டாமே? பேய் நடமாட்டமும் உண்டாமே?

பதில்: கோட்டைக்குக் கீழே நிலவறையும் மறைவழிகளும் திட்டத்திலேயே இருந்தன. கோயில்வரை சுரங்கம் போகிறது என்பது அந்த வட்டாரத்தில் தலைமுறையாகச் சொல்லி வரும் பேச்சு. என் தாத்தாவும் சொல்வார். பேயைப் பற்றி நான் பேச மாட்டேன். அத்தனை பேர் காய்ச்சலில் செத்த இடம் அது. அங்கே போய் ராத்திரியில் கத்தி விளையாடி வீடியோ எடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி (ரவாங் வாசகர்): ஸ்மித் இறந்த பிறகு கோட்டை யார் கைக்குப் போனது? குடும்பம் திரும்பி வந்ததா?

பதில்: 1926 டிசம்பரில் போர்த்துகலின் லிஸ்பனில் நிமோனியாவால் ஸ்மித் இறந்தார். வயது 56. லிஃப்டை வாங்கி வரப் போன இடத்தில் இறந்தார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. அடக்கம் செய்ததும் லிஸ்பனில்தான். ஆக்னஸ் மனம் உடைந்துபோனார். தோட்டத்தையும் வீட்டையும் ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்பீல்ட் கம்பெனிக்கு விற்றுவிட்டு ஸ்காட்லாந்தோடு இருந்துகொண்டார். ஆந்தனி பிறகு இரண்டாம் உலகப் போரில் இறந்ததாகச் சொல்வார்கள்.

ரப்பர் நிலவரமும் மாறியிருந்தது. 12 ஷில்லிங்குக்கு விற்ற ஒரு பவுண்டு ரப்பர், 1921இல் ஒரு ஷில்லிங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. மறு வருஷம் அரசாங்கமே ஏற்றுமதிக்கு அளவு வைத்தது. மாளிகையை முடிக்க ஆசைப்பட்ட மனிதரும் இல்லை, மாளிகை கட்ட வைத்த விலையும் இல்லை. வாங்கிய கம்பெனிக்கு வேண்டியது மரம் நிற்கும் நிலம், பாதியில் நிற்கும் கோபுரம் இல்லை. காடு மெல்ல மெல்ல வீட்டைத் தின்றது.

அந்தக் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை. 1844இல் லிவர்பூலில் தேயிலை வியாபாரமாகத் தொடங்கியது அது. பிறகு மலாயாவில் பெரிய பெரிய ரப்பர் தோட்டங்களை நிர்வகித்தது. அதன் தோட்டங்கள் மலேசியர் கைக்கு வந்து, 1990இல் கோல்டன் ஹோப் என்று பெயர் மாறி, 2007இல் சைம் டார்பியோடு இணைந்தன. உங்கள் தாத்தாவின் பழைய சம்பளச் சீட்டில் ‘ஹாரிசன்ஸ்’ என்று இருந்தால் அந்தக் கதை இப்படித்தான் ஓடுகிறது.

கேள்வி (பினாங்கு, ஆயர் ஈத்தாம் வாசகர்): பேராக்கைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கள் தீவில் இப்படி மறைந்துபோன துரை வீடு ஏதும் இல்லையா?

பதில்: உங்கள் ஊரிலேயே இருக்கிறது! ஆயர் ஈத்தாம் சாலை ஓரம் சஃபோக் ஹவுஸ் பார்த்திருப்பீர்கள். வெள்ளையாக, தூண் வைத்து. அதே இடத்தில் அதற்கு முன்னால், பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் கட்டிய மரவீடு இருந்தது. சுற்றிலும் மிளகுத் தோட்டம். லைட் 1794இல் இறந்தபோது, ஆயர் ஈத்தாம் பக்கத்து மிளகுத் தோட்டத்தையும் தோட்ட வீட்டையும் மார்ட்டினா ரொசல்ஸ் என்ற பெண்ணுக்கு உயில் எழுதி வைத்தார். அவர்கள் தம்பதியாக வாழ்ந்தவர்கள், ஐந்து பிள்ளைகள். அந்த மரவீடு இன்று இல்லை. இப்போது நிற்கும் மாளிகையைப் பின்னாளில் கட்டியவர் கவர்னராகவும் இருந்த வில்லியம் எட்வர்ட் பிலிப்ஸ். அதுவும் பள்ளிக்கூடமாகி, பாழடைந்து, கூரை போய், அப்புறம்தான் மீட்கப்பட்டது. 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. கெல்லஸ் கதையேதான். முதல் வீடு போய், இரண்டாவது வீடு பெயரைச் சுமக்கிறது.

எங்கள் கோலாலம்பூரில் அந்த அதிர்ஷ்டம்கூட இல்லை. ஜாலான் அம்பாங்கில் 1929இல் சுவா செங் போக் என்ற செல்வந்தர் கட்டிய போக் ஹவுஸை 2006 டிசம்பரில் இடித்துப் போட்டார்கள். அந்த வாரம் அந்த வழியாகப் பஸ்ஸில் போனேன். தகர வேலிக்கு மேலே வெறும் வானம்.

கேள்வி (கெப்போங் வாசகி): என் அம்மாவுக்கு 81 வயது. அந்தத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்கிறார். முழங்கால் வலி. கோலாலம்பூரில் இருந்து அழைத்துப் போக முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இடிஎஸ் எனும் விரைவு மின்ரயில் ஏறினால் பத்து காஜாவிலேயே நிற்கும். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஸ்டேஷனிலிருந்து கார் பிடித்துக்கொள்ளுங்கள். காலை ரயிலாக இருக்கட்டும், மதிய வெயிலில் அந்த மேட்டில் நிற்க முடியாது. மாடிப்படிகள் குறுகல், அம்மாவை ஏற்ற வேண்டாம். கீழே நிழலில் ஒரு நாற்காலி போதும். கோயிலுக்குக் கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள்.

ஒன்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் கடைசியாகப் போனபோது லயம் இருந்ததாக எங்கள் அம்மா காட்டிய பக்கமெல்லாம் செம்பனை, எண்ணெய்ப் பனை மரங்கள். பெரட்டுக் களம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, தண்ணீர்க் குழாய், எதுவும் கண்ணில் படவில்லை. உங்கள் அம்மா காரை நிறுத்தச் சொல்வார், இறங்கி அங்கும் இங்கும் பார்ப்பார், ‘இங்கதான் இருந்துச்சு’ என்பார், அப்புறம் ‘இல்ல, இன்னும் கொஞ்சம் தள்ளி’ என்பார். அவசரப்படுத்தாதீர்கள். எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு, யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.